யோசிக்கப் போனவள்

அனுமோள் திருவனந்தபுரத்தில் என்ன வேலை பார்க்கிறாள் என்று இஞ்சிவிளையில் யாருக்கும் சரியாகத் தெரியாது. கியூரேட்டர் என்று அவள் சொல்லியிருந்தாள். அது மியூசியத்து வேலை என்று யாரோ சொன்னார்கள். திருவனந்தபுரத்தில் மியூசியமும் மிருகக்காட்சி சாலையும் ஒரே வளாகத்தில் இருப்பதால், பாலையனின் மகள் புலிக்கு இறைச்சி போடுகிறாள் என்று பாதி ஊர் நம்பியது. மீதி ஊர் அதை ஜெனரேட்டர் என்று காதில் வாங்கிக்கொண்டு, கரண்ட் போனால் அவளிடம் சந்தேகம் கேட்டது.

உண்மையில் அவள் ஒரு சின்னக் கலை அறக்கட்டளையில் கண்காட்சி நடத்திக்கொடுப்பவள். யாருடைய ஓவியம் எந்தச் சுவரில் தொங்க வேண்டும் என்று தீர்மானிப்பது, ஆணி அடிக்கிறவன் வராவிட்டால் தானே அடிப்பது, திறப்பு விழாவுக்கு வந்த பிரமுகர் தலைகீழாக மாட்டிய படத்தைப் பார்த்து உருகினால் சிரிக்காமல் நிற்பது, எல்லாம் அவள் வேலை. முப்பது தாண்டிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றி அவளைவிட ஊருக்குத்தான் கவலை அதிகம்.

அயர்லாந்தில் எல்லையோரச் சிற்றூர் ஒன்றில் ஒரு கலை நிலையம் இருந்தது. அவர்கள் வெளிநாடுகளிலிருந்து கலை நிர்வாகிகளையும் கியூரேட்டர்களையும் வரவழைத்து மூன்று மாதம் தங்க வைப்பார்கள். வீடு தருவார்கள், கைச்செலவுக்கும் தருவார்கள். பதிலுக்கு ஒன்றும் கேட்க மாட்டார்கள். ஊரைப் பார்க்கலாம், ஆட்களோடு பேசலாம், யோசிக்கலாம். இதற்கு ரெசிடென்சி என்று பெயர். இந்த முறை அவர்கள் எல்லைப் பகுதிகளில் வாழ்கிறவர்களைத் தேடினார்கள். அனுமோள் தன் விண்ணப்பத்தில், 'என் ஊரை ஒட்டி ஓடும் எல்லை ஓர் ஆறாத காயம்' என்று எழுதி அனுப்பினாள். கேரளத்து இஞ்சிவிளையிலிருந்து அந்தக் காயத்தைத் தாண்டினால் தமிழ்நாடு, களியக்காவிளை. அங்கே பெட்ரோல் மலிவு. வாரா வாரம் அவளே ஸ்கூட்டரில் காயத்தைக் கடந்துபோய் டேங்கை நிரப்பிக்கொண்டு வருவாள்.

தேர்வாகிவிட்டாள் என்ற மின்னஞ்சல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. பாலையன் பின்பக்கம் மரச்சீனிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, எனக்கு அயர்லாந்துல ரெசிடென்சி கெடச்சிருக்கு!"

பாலையன் மண்வெட்டியைக் கீழே போட்டார். "எந்த அயர்லாந்து? மினி இருக்கிய அயர்லாந்தா?"

"ஆமா."

"ரெசிடென்சியா?"

"ஆமாப்பா."

அந்தச் சொல் பாலையனுக்கு நன்றாகத் தெரியும். மினி அவருடைய மச்சான் ஜெயதாஸின் மகள். டப்ளினில் நர்ஸ். அவளுக்கு அந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி கிடைத்தபோது, "எனக்க மகளுக்கு ரெசிடென்சி கெடச்சாச்சு" என்று சொல்லித்தான் ஜெயதாஸ் சந்தி முழுக்க லட்டு கொடுத்தார். எட்டு வருஷமாக அவர் வாயைத் திறந்தால் டப்ளின். இங்கே மழை பெய்தால், "இதென்ன மழை, அங்க பெய்யணும் பாக்கணும்" என்பார். வெயில் அடித்தால், "அங்க இது கெடையாது கேட்டியளா" என்பார். அக்காள் கணவன் என்ற மரியாதைக்குக்கூட ஒரு நாள் நிறுத்தியதில்லை. பாலையன் எட்டு வருஷமும் சாயாவைக் குடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் கையைக் கழுவவில்லை. கொடியில் கிடந்த சட்டையை உருவிப் போட்டுக்கொண்டு சந்திக்கு நடந்தார். "மூணு மாசத்துக்குப்பா" என்று அனுமோள் சொன்னபோது அவர் வேலியைத் தாண்டியிருந்தார்.

மறுநாள் சந்தியில் ஃபிளெக்ஸ் எழும்பியது. ஆர்ட்ஸ் அண்ட் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் செக்ரட்டரி ஷாஜி இதில் வேகமானவன். கிளப் என்று பெயர், அவர்கள் செய்வது கயிற்றுப் போட்டிக்கு வடம் இழுப்பதும் ஃபிளெக்ஸ் வைப்பதும். அனுமோளின் படத்தை யாருடைய கல்யாண ஆல்பத்திலிருந்தோ வெட்டி எடுத்திருந்தார்கள். அவள் தோளில் வேறு யாரோ ஒருத்தியின் வளையல் போட்ட கை மட்டும் மிச்சமிருந்தது. கீழே, 'அயர்லாந்து பெர்மனன்ட் ரெசிடென்சி நேடிய நாடின்றெ அபிமானம்' என்று பெரிய மலையாள எழுத்து. ரெசிடென்சி பெற்ற அவள் ஊரின் பெருமையாம்.

அனுமோள் அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். "அப்பா, அது பெர்மனன்ட் இல்ல. மூணு மாசம். முடிஞ்சா வந்திரணும். மினிக்குக் கெடச்சது வேற, இது வேற."

பாலையன் வாழைக்குலையைத் திருப்பி வைத்தார். "இதெ நீ நேத்தே பறஞ்சிருக்கணும்."

"பறஞ்சேன். நீங்க ஓடிட்டிய."

"இனி நான் யாரிட்டப் போய்ச் சொல்ல? ஜெயதாஸ் எனக்குச் சாயா வாங்கித் தந்தாச்சு. எட்டு வருஷத்தில மொதல் சாயாவாக்கும்."

அம்மா கார்த்தியாயினி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "எழுத்தெ மாத்தச் சொல்லணுமெங்கில் அந்தக் கையையும் வெட்டச் சொல்லு. அது ஆருக்க கையோ, கெட்டினவன் கண்டா வழக்குக்கு வருவான்."

அன்று மாலையே ஜெயதாஸ் வந்தார். அவருக்குச் சந்தேகம் இருந்தது. புலிக்கு இறைச்சி போடுகிறவளை அயர்லாந்து எதற்காக நிரந்தரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"மக்கா, அங்க ஒனக்கு ஜோலி என்னது?"

"ஜோலி ஒண்ணும் இல்ல மாமா."

"பின்னே?"

"அங்க இருக்கணும்."

"இருந்து?"

"ஆளுகளிட்ட பேசணும். அவியளுக்க கலையெப் பாக்கணும். நம்ம கலையெப் பத்திச் சொல்லணும். பின்னெ யோசிக்கணும்."

"யோசிக்கியதுக்கு எவன் துட்டு தாறான்?"

"அவிய தாறாவ."

ஜெயதாஸ் பாலையனைப் பார்த்தார். பாலையன் சுவரைப் பார்த்தார். "கொள்ளாம், நல்ல காரியம்" என்று சொல்லிவிட்டு ஜெயதாஸ் எழுந்தார். இது வெளியே சொல்ல முடியாத ஏதோ பெரிய வேலை என்று அவர் முடிவு கட்டிவிட்டார் என்பது மறுநாள் சந்தியில் தெரிந்தது. அவள் அயர்லாந்து அரசாங்கத்துக்கு ஆலோசனை சொல்லப் போகிறாள் என்று பேசிக்கொண்டார்கள்.

மாப்பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். இதுவரை அனுமோளுக்கு வயதாகிவிட்டது என்று சொன்ன புரோக்கர், இப்போது அவளுக்குப் பக்குவம் வந்திருக்கிறது என்றான். அமரவிளையிலிருந்து வந்த ஒருவன் அவளிடம் தனியாகப் பேச வேண்டும் என்று சொல்லி, கிணற்றடிக்குப் போனதும், "டிபெண்டன்ட் விசாவுக்கு எத்தனை நாளாகும்?" என்று கேட்டான். மூன்று மாதம்தான் போகிறேன், அதுவும் தனியாளாக என்று அவள் சொன்னாள். அவன் அவளுக்கு மனப்பூர்வமாக வாழ்த்துச் சொல்லிவிட்டு, உள்ளே போய், பெண்ணுக்கு மூக்கு நீளம் என்று தன் அம்மாவிடம் சொல்லிப் புறப்பட்டுவிட்டான்.

புறப்படும் முன் கிளப் வழியனுப்பு விழா நடத்தியது. வார்டு மெம்பர் பொன்னாடை போர்த்தி, ஞங்ஙளுடெ அனுமோள், ஞங்ஙளுடெ அனுமோள் என்று அவளை ஊருக்கே சொந்தமாக்கி அரைமணி நேரம் மலையாளத்தில் முழங்கினார். அனுமோள் இதற்கு மேல் தாங்காது என்று மைக்கைப் பிடித்தாள்.

"எல்லாருக்கும் நன்றி. ஒரு காரியம் சொல்லணும். எனக்குக் கெடச்சது பெர்மனன்ட் இல்ல. மூணு மாசம்தான். முடிஞ்சா திரும்பி வந்திருவேன்."

கைதட்டல் எழுந்தது. அவள் இதுவரை கேட்டதிலேயே பெரிய கைதட்டல்.

"மொதல்ல எல்லாவனுக்கும் மூணு மாசம்தான் குடுப்பான்" என்று முன் வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கினார். "பின்னெ அங்க போயி நீட்டிக்கிடணும். பிள்ளைக்கு விவரம் உண்டு. சபையில எல்லாம் தொறந்து சொல்லுமா?"

ஷாஜி மேடைக்குப் பின்னால் வந்து அவள் காதில் சொன்னான். "சேச்சி பயப்படாதிங்க. போலீஸ்காரன் யாரும் இங்க இல்ல."

பாலையன் கடைசி வரிசையில் நின்று கைதட்டினார். அந்தக் கூட்டத்தில் உண்மை தெரிந்த ஒரே ஆண் அவர். எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியதும் அவர்தான்.

அயர்லாந்தில் அவளுக்குப் பழைய பால் பண்ணை ஒன்றின் மாடியில் அறை கொடுத்தார்கள். கலை நிலையத்தை நடத்தியவள் நோரா, ஐம்பது வயதுக்காரி, எந்நேரமும் மூக்கு சிவந்திருக்கும். முதல் வாரத்தில் அவள் அனுமோளைக் காரில் ஏற்றி வடக்கு அயர்லாந்து எல்லையைக் காட்டக் கூட்டிப் போனாள். எல்லை என்று அங்கே ஒன்றும் இல்லை. சாலையின் ஓரக்கோடு நிறம் மாறியது, அவ்வளவுதான். ஒரு பக்கம் டீசல் மலிவு, மறுபக்கம் மது மலிவு என்று நோரா சொன்னாள். அனுமோளுக்கு ஊருக்கு வந்தது போல இருந்தது.

திரும்பி வரும்போது நோரா ஒரு வளைவில் வண்டியை மெதுவாக்கினாள். தான் சிறுமியாக இருந்தபோது, கலவரக் காலத்தில், அங்கே சோதனைச் சாவடி இருந்தது என்றாள். பட்டாளக்காரர்கள் துப்பாக்கியோடு நிற்பார்களாம். அவளுடைய சித்தப்பா ஒரு சாயங்காலம் மாடு பார்க்க எல்லை தாண்டிப் போனவர், அந்த வளைவிலிருந்து வீட்டுக்கு வரவில்லை. நோரா அதை மழையைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள். அனுமோளுக்குத் தன் விண்ணப்பத்தில் எழுதிய காயம் ஞாபகம் வந்தது.

அந்த வார இறுதியில் ஊர்க்காரர்கள் முன்னால் அவள் பேச வேண்டியிருந்தது. எழுதி வைத்திருந்ததை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டு, "எங்கள் எல்லை காயம் இல்லை. நான் பொய் எழுதிவிட்டேன். அதைத் தாண்டினால் கோழியும் பெட்ரோலும் மலிவு. இரண்டு பக்கமும் ஒரே ஆட்கள்தான், இரண்டு பாஷையிலும் சண்டை போடுவோம்" என்றாள். கூட்டம் சிரித்தது. முடிந்ததும் ஒரு கிழவர் வந்து, பெட்ரோல் எவ்வளவு வித்தியாசம் என்று அக்கறையாக விசாரித்தார். அதற்குப் பிறகுதான் அந்த ஊர்க்காரர்கள் அவளோடு பேச ஆரம்பித்தார்கள்.

மினி ஒரு விடுமுறை நாளில் டப்ளினிலிருந்து பஸ் ஏறி வந்தாள். மீன்கறி டப்பாவை மேசையில் வைத்தாள். ஷூவைக் கழற்றாமல் கட்டிலில் சாய்ந்து, பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிப் போனாள். எழுந்தபோது வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது.

"நீ இங்க என்ன செய்யிய பிள்ளே?" என்று கேட்டாள்.

"நடக்கேன். வாசிக்கேன். பேசுகேன். யோசிக்கேன்."

"பெல் அடிக்காதா?"

"என்ன பெல்?"

மினி சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "ஆசுபத்திரிக் கட்டில்ல கெடக்கியவன் எல்லாம் பெல் அடிப்பான். தண்ணிக்கு அடிப்பான், ஒண்ணுக்குப் போக அடிப்பான், சும்மா பயந்தும் அடிப்பான். அவனெக் குத்தம் சொல்லப்பிடாது. எனக்க காதுல அது நிக்கியதே இல்ல. ஒறக்கத்திலயும் உண்டு. எட்டு வருஷமா நான் ஒரு நாள் இருந்து யோசிச்சதில்ல அனு. ஒனக்கு அதுக்குத் துட்டும் தாறானுவ, வீடும் தாறானுவ. நீ எங்க படிச்ச இதெ?"

அன்று முதல் ஓய்வு கிடைத்த போதெல்லாம் மினி வந்தாள். கண்காட்சி அறையில் வெறும் சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய ஓவியம் இருந்தது. அதன் முன்னால் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வாள். அதில் என்ன பார்க்கிறாய் என்று நோரா ஒரு நாள் கேட்டாள்.

"ஒன்றும் இல்லை" என்றாள் மினி ஆங்கிலத்தில். "அதனால்தான் நன்றாக இருக்கிறது."

அந்த ஓவியத்தைப் பற்றி இதுவரை வந்த மதிப்புரைகளில் இதுவே சிறந்தது என்று நோரா தன் நோட்டில் குறித்துக்கொண்டாள்.

மூன்று மாதம் முடியும் சமயத்தில் மினி, அனுமோளுக்கு எந்த விமானம் என்று கேட்டாள். அனுமோள் சொன்னாள். மினி ஃபோனில் எதையோ தட்டிக்கொண்டிருந்துவிட்டு, "ஒனக்குப் பின்னால சீட்டு. நானும் வாறேன்" என்றாள்.

"லீவா?"

"லீவெடுத்தா திரும்பி வரணும்லா. ஜோலியெ விட்டாச்சு."

அனுமோள் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "மினி, மாமன் என்னெக் கொல்லுவாரு."

"கொல்லட்டு. ஒனக்குத்தான் ரெசிடென்சி இல்லியே, ஆருக்கு நஷ்டம்?"

திருவனந்தபுரம் விமான நிலையத்தில் பாலையன் ஒரு ஆட்டோவோடு ஓரமாக நின்றார். மகள் திரும்பி வருவதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஜெயதாஸ் ஊரையே அழைத்து வந்திருந்தார். மினி வருகிறேன் என்று மட்டும் சொல்லியிருந்ததால், வாடகைக்கு ஒரு வேன், அதில் ஷாஜி, ஷாஜியின் கையில் மாலை. மினி தள்ளுவண்டியில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். லீவுக்கு வருகிறவள் கொண்டுவரும் பெட்டிகள் அல்ல அவை. சுவர்க் கடிகாரம்கூட இருந்தது.

"எத்தன நாளு லீவு மக்கா?" என்றார் ஜெயதாஸ்.

"லீவு இல்லப்பா. நிறுத்தியாச்சு."

"எதெ?"

"ஜோலியெ. இனி போவுல்ல."

ஜெயதாஸ் மெதுவாகத் திரும்பி அனுமோளைப் பார்த்தார். அனுமோள் பாலையனுக்குப் பின்னால் நகர்ந்தாள். மாலையை யாருக்குப் போடுவது என்று ஷாஜிக்குத் தெரியவில்லை. கீழே வைக்கவும் மனமில்லை. தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைத் தூக்கி வேனில் வைத்தான்.

இஞ்சிவிளையில் ஒரே நாளில் விளக்கம் தயாராகிவிட்டது. அனுமோள் மூன்று மாதத்துக்கு மேல் நீட்டப் பார்த்திருக்கிறாள், பிடித்துவிட்டார்கள். அவளை ஒளித்து வைத்த குற்றத்துக்காக மினியையும் சேர்த்து அனுப்பிவிட்டார்கள். துக்கம் விசாரிக்க ஆட்கள் வந்தார்கள். சிப்ஸ் பொட்டலத்தோடு வந்த ஒருத்தி அனுமோளின் கையைப் பிடித்துக்கொண்டு, "சாரமில்ல மக்கா, இனி கனடா நோக்கு" என்றாள். அனுமோள் ஆதியிலிருந்து எல்லாவற்றையும் விளக்கினாள். வந்தவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அடிச்சானுவளா?" என்றாள்.

ஜெயதாஸ் சில நாள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. பிறகு ஒரு நாள் மத்தியானம் பாலையன் வீட்டு முற்றத்தில் வந்து நின்றார்.

"அத்தான்! ஒமக்க மக எனக்க பிள்ளைக்கு என்னத்தெக் கலக்கிக் குடுத்தா?"

"சத்தம் போடாதே ஜெயதாசே. ஆளுக நோக்குது."

"நோக்கட்டு! போனவளுக்கும் ரெசிடென்சி இல்ல, இருந்தவளையும் கூட்டிட்டு வந்தாச்சு! கேட்டா கலாச்சாரப் பரிமாற்றமாம். பரிமாறுகியதுக்கு இது என்ன ஓண சத்யயா?"

அனுமோள் வெளியே வந்தாள். "மாமா, வா எண்ணு நான் அவளிட்ட ஒரு வார்த்தை சொல்லல்ல."

"பின்னெ என்ன செய்த?"

"ஒண்ணும் செய்யல்ல. அவ வந்தா, ஒறங்கினா. எந்திரிச்சு ஒரு படத்துக்கு முன்னால இருந்தா. அவ்வளவுதான்."

"என்ன படம்?"

"சாம்பல் கலர்."

ஜெயதாஸ் தலையில் அடித்துக்கொண்டார். அதற்குள் கார்த்தியாயினி கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டாள். தம்பி என்றால் அவளுக்கு வாய் தனி.

"எலே ஜெயா, அந்தப் பிள்ளைக்குக் காலில நரம்பு சுருண்டு கெடக்குது, கண்டியா? எட்டு வருஷம் நின்னே ஜோலி பாத்திருக்கா. ஒனக்க காலு சாயாக்கடையத் தாண்டி எங்கயாவது நின்னிருக்கா? நீ பறஞ்ச பெருமைக்கெல்லாம் நின்னது அவளாக்கும். இனி கொஞ்சம் இருக்கட்டு."

ஜெயதாஸ் வாயைத் திறந்தார். அங்கே டப்ளின் இல்லை. வேறு ஒன்றும் கிடைக்காமல் மூடிக்கொண்டார். கார்த்தியாயினி கட்டன்காப்பி கொண்டுவந்து வைத்தாள். இரண்டு ஆண்களும் படியில் உட்கார்ந்து குடித்தார்கள். பாலையன் ரப்பர் விலையைப் பற்றி ஏதோ சொன்னார். ஜெயதாஸ் காலி டம்ளரை அக்காளிடம் மறுபடியும் நீட்டினார்.

மினி மழைக்காலம் முழுவதும் தூங்கினாள். பிறகு நெய்யாற்றின்கரையில் டயாலிசிஸ் பிரிவு ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். காலையில் பஸ் ஏறிப் போய், சாயங்காலம் மீன் வாங்கிக்கொண்டு திரும்புவாள். அங்கேயும் பெல் உண்டு, ஆனால் பாதி நாள் வேலை செய்யாது என்று அனுமோளிடம் சொன்னாள்.

அனுமோள் பழையபடி ஆணி அடிக்கப் போனாள். நோராவோடு கடிதப் போக்குவரத்து நின்றுவிடவில்லை. அடுத்த வருஷத்துப் பரிமாற்றத்துக்கு ஷாஜியின் வடமிழுக்கும் குழுவை அனுப்பலாமா என்று அவள் கேட்டுப் பார்த்தாள். அங்கேயும் வடம் இழுப்பவர்கள் உண்டு, ஆனால் கலை நிலையத்தின் குழு அதைக் கலையாக ஏற்கவில்லை என்று பதில் வந்தது. ஷாஜி கொதித்துப் போனான். "அப்பம் நம்ம கிளப்புக்கு ஆர்ட்ஸ் எண்ணு பேரு எதுக்கு சேச்சி வச்சிருக்கு?" என்று கேட்டான். அவள் மறுபடியும் எழுதிக் கேட்பதாகச் சொன்னாள்.

ஜெயதாஸ் மகளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சோறு வை என்பதைக்கூட மனைவி வழியாகவே சொன்னார். ஐப்பசியில் ஒரு நாள் வாழைத்தோட்டத்தில் மூங்கில் முள் காலில் ஏறியது. சர்க்கரைக்காரர், புண் ஆறவில்லை. வீட்டில் நர்ஸ் இருக்கும்போது இவர் பஸ் ஏறி உதியன்குளங்கரையில் ஒரு கம்பவுண்டரிடம் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். கார்த்தியாயினி ஒரு நாள் அந்தக் கட்டின் நாற்றத்தைக் கண்டுபிடித்து, அவரைக் கையோடு பிடித்து நாற்காலியில் உட்கார வைத்து மினியைக் கூப்பிட்டாள்.

மினி தரையில் உட்கார்ந்து அப்பாவின் காலை மடியில் எடுத்து வைத்தாள். பழைய துணியைப் பிரித்தாள். புண்ணைச் சுற்றி அழுத்திப் பார்த்தாள், பஞ்சை நனைத்தாள். ஜெயதாஸ் கூரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். மருந்து பட்டதும் உடம்பு ஒரு தடவை துள்ளியது.

"மெல்லப் பிடி பிள்ளே" என்றார். "இது அயர்லாந்துக்காரனுக்க காலில்ல."

மினி தலையைத் தூக்கவில்லை. "அவன் இப்பிடிக் கூப்பாடு போட மாட்டான்" என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் பஞ்சை எடுத்தாள்.